கோழியின் கண்ணீரையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோழிகளைக் கொல்லும் நச்சுயிர் (வைரஸ்) நோயான ராணிக்கெட் தலைகாட்டும்போதெல்லாம் வன்னியில் ஒரே வழக்கு எழுகிறது. கூட்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழிகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சநாள் முட்டை குறைந்தது, சில முட்டைகளுக்கு ஓடு மெலிந்தது, அவ்வளவுதான். ஆனால் அயல் வளவில் மேய்கிற ஊர்க்கோழிகள் பச்சையாகக் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. பண்ணைக் கோழியின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் 'நோயெதிர்ப்பு நல்ல அளவில் உள்ளது' என்று முடிவு வருகிறது. ஆகவே பண்ணையிலிருந்து நோய் வந்திருக்காது என்று ஒரு தரப்பும், மருந்தே பொய் என்று மறுதரப்பும் கதைக்கின்றன. இரண்டுமே சரியான முடிவல்ல. சோதித்தது இரத்தத்தை, நச்சுயிர் நுழைவதும் பெருகுவதும் வெளியேறுவதும் கண், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் சீதமென்சவ்வு என்ற ஈரமான உட்படலம் வழியாக. அந்த இடத்தில் காவல் நிற்பது வேறு வகைப் பிறபொருளெதிரி (நோய்க்கிருமியைப் பற்றிப்பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்). அதை நாம் இங்கே அளப்பதே இல்லை. அளக்க வேண்டும், அளக்கவும் முடியும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கோழியிடம் உறுதியாக அறியப்பட்ட பிறபொருளெதிரி வகைகள் மூன்று: ஐஜிஎம், ஐஜிவை, ஐஜிஏ. மனிதரில் உள்ள ஐஜிஈ, ஐஜிடி ஆகியவை கோழியில் நிரூபிக்கப்படவில்லை. ஐஜிவை என்பது பாலூட்டிகளின் ஐஜிஜி செய்கிற வேலையைச் செய்வதால் பழைய நூல்கள் அதையும் ஐஜிஜி என்றே எழுதின. 1969 இல் லெஸ்லி, கிளெம் என்ற இருவர், இதன் கட்டமைப்பு வேறு என்று காட்டி ஐஜிவை என்று பெயரிட்டார்கள். பிறபொருளெதிரி பாரச் சங்கிலி, இலேசுச் சங்கிலி என்ற இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. ஐஜிவையின் பாரச் சங்கிலியில் ஒரு கண்டம் கூடுதல், நடுவில் மடங்கும் பிணைச்சல் இல்லை, எடை ஏறக்குறைய 180 கிலோ டால்டன் (மூலக்கூற்று எடையின் அலகு). முட்டை மஞ்சட்கருவில் நிறைந்திருப்பதும் இதுவே. ஒரு முட்டையில் 100 மில்லிகிராம் அளவு கிடைக்கும். ஐஜிஎம் மிகப் பெரியது, 900 கிலோ டால்டனை ஒட்டியது. தொற்றோ மருந்தோ உள்ளே போன நான்கைந்து நாளில் முதலில் தோன்றுவது. ஐஜிஏ இரத்தத்தில் மிகக் குறைவு. கண்ணீர், வாதனாளிச் (மூச்சுக்குழாய்ச்) சளி, குடற்சாறு ஆகியவற்றில் அதன் ஆட்சி. பித்தநீரில் அது குவிந்து கிடக்கிறது. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு ஐஜிவை பல மில்லிகிராம் இருக்கும்போது ஐஜிஏ அரை மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் நேரும் பெரும்பாலான பிழைகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கோழிக்குப் பாலூட்டிகளைப் போல நிணநீர்க் கணுக்கள் கிடையாது. அதற்கு ஈடாகச் சீதமென்சவ்வின் ஓரங்களிலேயே பாசறைகள் உண்டு: கண்குழியின் உட்புறம் விழிக்குப் பின்னால் உள்ள ஹார்டர் சுரப்பி, குடற்சுவரிலுள்ள பேயர் திட்டுகள், இரு குருட்டுக்குடல்களும் சேருமிடத்திலுள்ள 'டொன்சில்'. கழிவாய்க்கு மேலே பப்ரீசியசின் பை இருக்கிறது. அந்தப் பையை அகற்றிய குஞ்சுகள் பிறபொருளெதிரி உண்டாக்கவில்லை என்று கிளிக்கும் அவரது சகாக்களும் 1956 இல் கண்டதிலிருந்துதான், பிறபொருளெதிரி உண்டாக்கும் கலங்களுக்கு 'பி' கலங்கள் என்ற பெயரே வந்தது. மனித மருத்துவத்துக்குக் கோழி கொடுத்த கொடை அது. கண்ணில் விடும், உயிருள்ள நச்சுயிர் கொண்ட தடுப்பு மருந்து ஹார்டர் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அங்கேயே ஐஜிஏ சுரக்கிறது. தசையில் போடும், நச்சுயிரைக் கொன்று எண்ணெய் கலந்த மருந்து இரத்தத்தில் ஐஜிவையை வானளவு ஏற்றும். கண்ணீரிலும் தொண்டையிலும் ஐஜிஏ பெரிதாக எழாது. அந்தக் கோழி சாகாது. ஆனால் நச்சுயிர் அதன் தொண்டையில் தங்கிப் பெருகி, எச்சத்தோடும் சளியோடும் வெளியேறலாம். முதற்பந்தியில் சொன்ன வழக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இனி, வகை பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருவோம். எந்த மாதிரி, எப்படி எடுத்தது என்பதில்தான் பாதிச் சோதனை தீர்ந்துவிடுகிறது.

கண்ணீர் எடுப்பது கோழியைக் கொல்லாமல் செய்யக்கூடியது. ஆகவே ஊர்க்கோழிக்கு அதுவே உகந்தது. ஒருவர் கோழியைத் துவாயால் சுற்றி, தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழ் இமையை மெதுவாக இழுத்து, சுத்தமான நுண்ணிய உப்புப் பரல்கள் நாலைந்தை இமைக்குள் இட வேண்டும். ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறது என்று கல்லுப்பை நொறுக்கிப் போடக்கூடாது. கூர்முனை விழிப்படலத்தைக் கீறும், கீறினால் இரத்தக் கசிவோடு ஐஜிவை கலந்துவிடும். ஆய்வுகூடத் தரச் சோடியம் குளோரைட்டே வேண்டும். பரல் கரையக் கரையக் கண் கலங்கும்; மூன்றாம் இமை ஓரிரு தடவை குறுக்கே ஓடியதும் கண்ணின் உட்கோணத்தில் நீர் திரளும். அதை மைக்ரோபிப்பெற்றால், விழியில் முனை படாமல் உறிஞ்ச வேண்டும். ஒரு கோழியிடம் 50 முதல் 100 மைக்ரோலீற்றர் கிடைத்தால் போதும். முடிந்ததும் சேலைன் விட்டுக் கண்ணைக் கழுவிவிட வேண்டும், அது நம் கடமை. கண்ணீரை உடனே ஐசில் வைத்து, அன்றே சுழற்றித் தூசியை நீக்கி, 50 மைக்ரோலீற்றர் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோழி அதிகம் அழும், இன்னொன்று குறைவாக அழும். உப்பின் அளவுக்கேற்பக் கண்ணீர் நீர்த்துப்போகும். ஆகவே 'ராணிக்கெட்டுக்கு எதிரான ஐஜிஏ இவ்வளவு' என்ற எண் தனியே பொருளற்றது. அதே மாதிரியில் மொத்த ஐஜிஏ எவ்வளவு என்று அளந்து, அதன் பங்காகச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு கூட்டுக் கோழிகளை ஒப்பிட்டால் உப்பின் அளவைத்தான் ஒப்பிட்டவர்கள் ஆவோம்.

வாதனாளிச் சளிக்குக் கோழியை அறுக்க வேண்டியிருக்கும். வாதனாளியின் இரு முனையையும் கட்டி, ஒரு மில்லிலீற்றர் குளிர்ந்த பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலை உள்ளே விட்டு, அதே நீரை மூன்று நான்கு தடவை இழுத்து விட்டு எடுக்கலாம். இறைச்சிக்கு அறுக்கும்போது எடுப்பதானால் கழுத்தை வெட்டிய இரத்தம் வாதனாளிக்குள் இறங்கிவிடும். சிவந்த கழுவுநீர் ஐஜிஏ ஆய்வுக்கு உதவாது, எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கலப்பும் உண்டு. அதற்கு, கழுவுநீரிலும் சீரத்திலும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அல்புமின் என்ற இரத்தப் புரதத்தை அளந்து விகிதம் பார்ப்பதே நேர்மையான வழி. அல்புமின் ஏறினால் ஐஜிவை இரத்தத்திலிருந்து கசிந்து வந்தது என்று கொள்ள வேண்டும்.

குடலில் எதிரி வேறு. அங்கே ட்ரிப்சின் போன்ற நொதியங்கள் புரதங்களைச் செரித்துக்கொண்டே இருக்கின்றன. கோழி செத்த பிறகும் அவை ஓய்வதில்லை. சுரண்டிய ஒரு கிராம் சீதப்படலத்தை 4 மில்லிலீற்றர் பனிக்குளிர்ந்த கரைசலில் போட வேண்டும். அந்தக் கரைசலில் நொதியங்களை அடக்கும் ஈடிடிஏ, சோயாத் ட்ரிப்சின் தடுப்பி, பிஎம்எஸ்எப் ஆகியவை இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பொருளைத்தான் பலர் கெடுக்கிறார்கள். காலையிலேயே நீர்க்கரைசலில் கலந்து வைத்துவிட்டு மத்தியானம் பாவித்தால் அது வெறும் நீர். நீரில் கலந்து ஓரிரு மணித்தியாலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஐசோபுரொப்பனோலில் கரைத்து வைத்திருந்து, மாதிரி கையில் வந்த பிறகே 1 மில்லிமோலர் செறிவுக்குச் சேர்க்க வேண்டும். நஞ்சு அது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பிறகு 10,000 ஜியில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுக்க வேண்டும்.

பித்தப்பையை மட்டும் ஊசியால் உறிஞ்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பித்தநீர் ஐஜிஏ நிறைந்தது என்பதால் வேறு கோழிகளின் மாதிரிகளைச் சோதிக்கும்போது 'ஐஜிஏ இருந்தால் இப்படித் தெரியும்' என்று காட்டும் ஒப்பீட்டு மாதிரியாக அது கைகொடுக்கும். ஆயிரத்திலொன்றாக நீர்க்க வைத்தும் வாசிப்பு வரும். நீர்க்காமல் போட்டால் பித்த உப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிய புரதத்தைக் கழற்றிவிடும், பச்சை நிறமும் வாசிப்பைக் குழப்பும்.

முட்டையும் ஒரு மாதிரிதான். மஞ்சட்கருவில் ஐஜிவை, வெண்கருவில் ஐஜிஏயும் ஐஜிஎம்மும். கோழியைப் பிடிக்காமலே பேட்டின் இரத்த ஐஜிவையை ஒரு வாரமளவு பின்தங்கி மஞ்சட்கரு சொல்லிவிடும். மஞ்சட்கருவை வெண்கரு ஒட்டாமல் வடிதாளில் உருட்டித் துடைத்து, ஒன்பது பங்கு குளிர்ந்த வடித்த நீரில் கலந்து, பீஎச்சை 5.0 – 5.2 க்குக் கொண்டுவந்து, 4 பாகை செல்சியசில் இரவு முழுக்க வைத்துச் சுழற்றினால் கொழுப்பு அடியில் படியும். தெளிந்த நீரில் ஐஜிவை இருக்கும். பாலூட்டிகளின் ஐஜிஜியைப் பிடிக்கும் புரொட்டீன் ஏ, புரொட்டீன் ஜி நிரல்களில் இதைச் சுத்திகரிக்கப் பார்க்காதீர்கள். ஐஜிவை அவற்றில் ஒட்டாது. விலையுயர்ந்த நிரலை வாங்கிவிட்டு, புரதம் முழுவதும் கழுவுநீரோடு போனதைப் பார்த்துத் திகைப்பது நடக்கிறது.

பிறபொருளெதிரியை நிறமாற்றத்தால் அளக்கும் எலைசாச் சோதனை இப்படி. 96 குழித் தட்டில், குழிக்கு 100 மைக்ரோலீற்றர் வீதம், பீஎச் 9.6 காபனேற்றுத் தாங்கற் கரைசலில் கலந்த சுத்திகரித்த நச்சுயிர் அன்டிஜனை (பிறபொருளெதிரி பற்றும் பொருளை) ஊற்றி, 4 பாகையில் இரவு முழுக்க வைக்க வேண்டும். 0.05 சதவீதம் ட்வீன்-20 கலந்த கரைசலால் மூன்று தடவை கழுவி, ஒரு மணித்தியாலம் வெற்றிடங்களை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு மாட்டு அல்புமின் 1 சதவீதம் நல்லது. பால்மா மலிவு என்று எடுத்தால், பாலிலுள்ள மாட்டுப் பிறபொருளெதிரியில், பின்னர் சேர்க்கும் ஆட்டுச் சீரப் பிறபொருளெதிரி ஒட்டிப் பின்னணி ஏறலாம்; முன்கூட்டியே வெற்றுக் குழியில் சோதித்துவிட்டுப் பாவியுங்கள். முட்டை வெண்கருவால் அடைப்பது தற்கொலை. அதற்குள்ளேயே கோழியின் ஐஜிஏ இருக்கிறது. பிறகு மாதிரி: சீரம் 100 இல் ஒன்று முதல் 500 இல் ஒன்று வரை, கண்ணீர் 10 முதல் 50 இல் ஒன்று, வாதனாளிக் கழுவுநீர் 2 முதல் 5 இல் ஒன்று. இவை தொடக்கப் புள்ளிகளே. உங்கள் தட்டில் நீர்த்தல் வளைகோடு போட்டுப் பார்த்துத்தான் நிலையான அளவைத் தீர்மானிக்க வேண்டும். 37 பாகையில் ஒரு மணித்தியாலம். கழுவி, கோழியின் பிறபொருளெதிரியைப் பிடித்து அதன் வகையைச் சுட்டும், பெரொக்சிடேசு என்ற நிறமேற்றும் நொதியம் ஒட்டிய இரண்டாம் பிறபொருளெதிரி, இன்னொரு மணித்தியாலம். கழுவி, அந்த நொதியத்தால் நிறம் மாறும் டிஎம்பி 10 – 15 நிமிடம். நீலம் ஏறியதும் கந்தக அமிலத்தால் நிறுத்தி, மஞ்சளை 450 நனோமீற்றரில் வாசிக்க வேண்டும்.

அந்த இரண்டாம் பிறபொருளெதிரியை வாங்கும்போதுதான் ஆய்வே தோற்கிறது அல்லது வெல்கிறது. 'கோழி ஐஜிஜிக்கு எதிரானது, பாரச் சங்கிலியும் இலேசுச் சங்கிலியும்' என்று சிட்டையில் இருந்தால் ஐஜிஏ ஆய்வுக்கு அது உதவாது. கோழியிடம் இலேசுச் சங்கிலி லாம்டா என்ற ஒரே இனம்தான். மூன்று வகைப் பிறபொருளெதிரியிலும் அதுவே இருக்கிறது. ஆகவே அந்தச் சீரம் மூன்றையும் ஒருசேரப் பிடித்துவிட்டு 'ஐஜிஜி' என்று பெயர் சொல்லும். பாரச் சங்கிலியை மட்டும், அதிலும் ஐஜிஏயின் பாரச் சங்கிலியான ஆல்பாச் சங்கிலியை மட்டும் பிடிப்பது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும் நம்பிவிடாமல், ஒரு தட்டில் மஞ்சட்கரு ஐஜிவையையும் பித்தநீரையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒட்டவைத்துப் பாருங்கள். ஆல்பாச் சங்கிலியைப் பிடிக்கும் இந்தப் பிறபொருளெதிரி (ஆல்பா எதிரி) பித்தநீர்க் குழியில் மட்டும் நிறம் காட்ட வேண்டும். மஞ்சட்கருக் குழியிலும் காட்டினால் அந்தக் குப்பியைத் திருப்பி அனுப்புங்கள். ஜெல்லில் ஓட்டி எடை பார்த்து வகை சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சங்கிலிகளைப் பிரித்து ஓட்டினால் மூன்று பாரச் சங்கிலியும் 65 முதல் 75 கிலோ டால்டனுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். கண்ணால் பிரிக்க முடியாது. பிரிக்காமல் முழு மூலக்கூறாக நீண்ட ஜெல் நிரலில் விட்டால் ஐஜிஎம் முந்தி வரும், பல்லுரு ஐஜிஏ அதையடுத்து, ஐஜிவை கடைசி. அதிலும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்தே வரும். வகை சுட்டும் எதிரியால் உறுதிசெய்ய வேண்டும்.

சீரத்தில் ஐஜிஏ தேடுபவர்கள் இன்னொன்றில் வழுக்குவார்கள். தட்டில் ஒட்டிய அன்டிஜனைப் பிடிக்க ஐஜிவை கூட்டமாய் நெருக்கியடித்து வந்து இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. சிறு எண்ணிக்கையிலான ஐஜிஏக்கு இடமே கிடைப்பதில்லை. தட்டு 'ஐஜிஏ இல்லை' என்கிறது, உண்மையில் இருக்கிறது. இதற்கு மாற்று, வரிசையைத் தலைகீழாக்குவது: முதலில் ஆல்பா எதிரியைத் தட்டில் ஒட்டி, மாதிரியிலிருந்து ஐஜிஏயை மட்டும் பிடித்து, மற்றதைக் கழுவிவிட்டு, அதன்பின் பயோட்டின் சேர்த்த அன்டிஜனை விட்டு, அது ஒட்டுகிறதா என்று பார்ப்பது. ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். கண்ணீரில் ஐஜிவை குறைவு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இலேசு.

எங்கள் வெயிலையும் கணக்கிலெடுக்க வேண்டும். மின்சாரம் நின்று குளிரூட்டி அணைந்தால் அறை 32 பாகையைத் தாண்டும். தட்டின் ஓரக் குழிகள் உலர்ந்து, நடுக் குழிகளைவிடக் கூடுதலாக நிறம் காட்டும். தட்டை ஒட்டுத்தாளால் மூடி, ஈரத்துணி விரித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நேர், எதிர் ஒப்பீட்டு மாதிரிகள் இருக்கட்டும். நேற்றைய தட்டின் எண்ணை இன்றைய தட்டோடு நேரே ஒப்பிடாதீர்கள். வெப்பத்தில் டிஎம்பி வேகமாக ஏறும். மாதிரியை உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைப்பது ஒரு கொலை. சிறு பங்குகளாகப் பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மின்வெட்டுக்குப் பயந்து பக்டீரியா வளராமலிருக்கச் சோடியம் ஏசைட் சேர்ப்பவர்கள் உண்டு. ஏசைட் பெரொக்சிடேசைக் கொன்றுவிடும். கழுவுநீரிலோ இணைப்புக் கரைசலிலோ அது இருந்தால் தட்டு முழுக்க வெளுத்து, 'எந்தக் கோழிக்கும் எதிர்ப்பு இல்லை' என்று அழகாகப் பொய் சொல்லும்.

பிளேட் ரீடரும் ஆல்பா எதிரியும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ராணிக்கெட்டுக்கு வழமையான குருதித்திரட்சித் தடுப்புச் சோதனையிலேயே ஓரளவு வகை பிரிக்கலாம். நச்சுயிர் செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்வதைச் சீரம் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது அது. சீரத்தை இரு பங்காக்கி, ஒன்றில் 0.2 மோலர் 2-மேர்கப்டோஎதனோலைச் சம அளவு, மற்றதில் வெறும் தாங்கற் கரைசலைச் சம அளவு சேர்த்து, 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வைக்க வேண்டும். ஐஜிஎம்மின் பாலங்கள் உடைந்துவிடும். பின்னர் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டினால், மேர்கப்டோஎதனோல் சேர்த்த பங்கு இரண்டு குழி அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தச் சீரத்தின் எதிர்ப்பில் பெரும்பங்கு ஐஜிஎம், அதாவது தொற்றோ மருந்தோ புதிது. இறங்காவிட்டால் ஐஜிவை, பழையது. ஐஜிஏயை இம்முறை காட்டாது. நாற்றம் குடலைப் புரட்டும். காற்றுறிஞ்சும் பெட்டிக்குள் செய்யுங்கள்.

இந்தச் சோதனையிலும் வெப்பம் ஏமாற்றும். செங்குருதிக் கலங்களைச் சேர்த்த பின் 40 நிமிடம் என்று கையேடு சொல்வது 20 பாகைக்கு. கிளிநொச்சி அறையில் அதே 40 நிமிடம் வைத்தால், நச்சுயிரின் நியூராமினிடேசு நொதியம் கலங்களிலிருந்து நச்சுயிரைக் கழற்றிவிடும். திரண்ட கலங்கள் கலைந்து அடியில் பொட்டாக இறங்கும். தடுப்பு இல்லாத குழியும் தடுப்பு இருப்பதுபோல் தோன்றும். தட்டை 4 பாகையில் 60 நிமிடம் வைப்பதே எங்களுக்கு ஏற்ற வழி. வாசிக்கும்போது தட்டைச் சாய்த்துப் பாருங்கள். செங்குருதிக் கலம் மட்டும் உள்ள கட்டுப்பாட்டுக் குழியில் கலங்கள் ஓடுகிற வேகத்தில் ஓடி, கண்ணீர்த் துளிபோல் இழுபட்டால் மட்டுமே அது முழுத் தடுப்பு. நாலு அலகு நச்சுயிருக்கு எதிராக 16 இல் ஒன்று அல்லது அதற்கு மேல் வந்தால் நேர் என்று கொள்வது வழக்கம்.

குஞ்சுகளில் எண்ணை வாசிப்பவர்கள் தாயை மறந்துவிடக்கூடாது. மூன்று நான்கு வாரம் வரை குஞ்சின் இரத்தத்தில் உள்ள ஐஜிவை தாயின் மஞ்சட்கரு கொடுத்தது. நாலரை நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும். அதை வைத்து 'மருந்து வேலை செய்தது' என்பது தவறு. அந்த ஐஜிவை மருந்தையே செயலிழக்கச் செய்வதும் உண்டு. ஐஜிஎம் தாயிடமிருந்து குஞ்சின் இரத்தத்துக்குப் பெரிதாகச் சேர்வதில்லை என்பதால், மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் ஐஜிஎம் எழுந்ததா என்று பார்ப்பதே குஞ்சுக்கு நல்ல சோதனை. மூன்று வகையுமே எழவில்லையென்றால் கம்போரோ நோயைத் தேடுங்கள். அது பப்ரீசியசின் பையைத் தின்றுவிடும். பிறகு எந்த மருந்துக்கும் அந்தக் குஞ்சு பதில் சொல்லாது. மாரியில் பூஞ்சணம் பிடித்த சோளமும் அப்படித்தான். இன்னொரு பக்கம், ஐஜிஏதான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலில் பாதுகாப்பின் பெரும்பகுதி 'டி' கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களுடையது. அங்கே ஐஜிஏ எண்ணை வைத்து மருந்தை மதிப்பிடுவது வீண்.

வீட்டில் நாலைந்து ஊர்க்கோழி வைத்திருப்பவருக்கு இதிலெல்லாம் என்ன இருக்கிறது? கண்ணில் துளி விடும் மருந்தைச் சரியாக விடுவது இருக்கிறது. ஐஜிஏ எழுவது அந்தத் துளி கண்ணில் விழுவதைப் பொறுத்தது. ஒரு துளி 0.03 மில்லிலீற்றர் என்பது கணக்கு. ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 33 துளி விழ வேண்டும். புதுத் துளிக்குப்பி கிடைத்தால் முதலில் வெறுந்தண்ணீரில் எண்ணிப் பாருங்கள். 20 துளிதான் விழுகிறது என்றால் நூறு கோழிக்குக் கலந்த மருந்து அறுபதோடு தீரும். குப்பியைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்து, கண்ணில் முனை படாமல் ஒரு துளி. கோழி கண் சிமிட்டி அது உள்ளே போகும்வரை பிடித்திருக்க வேண்டும். உடனே விட்டால் தலையை உதறிவிடும், துளி செட்டையில்தான் இருக்கும். கரைசலில் நீலச் சாயம் கலந்திருந்தால் சிறிது நேரத்தில் நாக்கு நீலமாகும். ஆகாத கோழிக்கு மருந்து போகவில்லை. மரத்தில் அடைகிற கோழிகளை விடியுமுன் பிடித்துக் கூட்டில் போட்டுவைத்தால்தான் இது நடக்கும். கலந்த மருந்தை ரெஜிபோம் பெட்டியில் ஐசோடு வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். மீன் வாடியிலிருந்து எடுத்த ஐசானால் குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். எண்ணெய் கலந்த ஊசி மருந்தோ உறையவே கூடாது; உறைந்தது பிரிந்துவிடும், குலுக்கினாலும் சேராது.

தண்ணீரில் கலந்து கொடுப்பது கூட்டுக் கோழிக்குச் சரி, மேய்கிற கோழிக்குச் சரிவராது. அது குளத்தில் குடித்துவிட்டுத்தான் வரும். கூட்டுக் கோழிக்கும் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரானால் ஒரு லீற்றருக்கு இரண்டரைக் கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கலந்து, கால் மணித்தியாலம் கழித்தே மருந்தைச் சேர்க்க வேண்டும். பால்மா குளோரினை ஏற்றுக்கொள்ளும். சேர்க்காவிட்டால் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்.

எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. கண்டிக்கு அருகே கன்னொறுவையிலுள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர். ஒவ்வொரு கண்ணீர்த் துளியையும் ஐசில் வைத்து அங்கே அனுப்ப முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, விலங்கு விஞ்ஞானம் படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். ஐஜிஏயைச் சுட்டும் ஆல்பா எதிரி, ஐஜிஎம்மைச் சுட்டும் மியூ எதிரி இரண்டும், இரண்டாம் பிறபொருளெதிரிகளை வைத்திருக்க ஒரு நம்பகமான உறைபெட்டியும், அதற்கு மின்வெட்டுத் தாங்கும் மாற்று மின்சாரமும் கிடைத்தால் இந்த மாவட்டங்களின் கோழிகளுக்கு வகை பிரித்த முடிவை இங்கேயே கொடுக்கலாம். அதுவரை, சீரச் சோதனை முடிவு எழுதுகிறவர்கள் 'நோயெதிர்ப்பு உள்ளது' என்று ஒற்றை வரி எழுதாமல், எந்த மாதிரியில், எந்த வகை, மருந்து கொடுத்து எத்தனையாம் நாளில், கண்ணிலா தசையிலா என்ற நாலையும் சிட்டையில் எழுத வேண்டும். சீரம் மட்டும் சோதித்தால் 'சீதமென்சவ்வு சோதிக்கப்படவில்லை' என்று பக்கத்தில் ஒரு கோடு போட இடம் விடுங்கள். பண்ணையாளர் அதைப் பார்த்துவிட்டு, ஊசி போட்ட கோழியின் எச்சத்தை அயல் வளவுப் பக்கம் கொட்டாமல் குழிக்குள் போட்டு மூடுவார்.

இப்படிக்கு,
கோழி நோயெதிர்ப்பு ஆய்வுகூடப் பணியில் உள்ளோர் இருவர்,
கிளிநொச்சி.